மஃரிபுக்குப் பின் வாசலில் நின்ற பெண்கள்

எங்கள் பள்ளிவாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து. "இங்கு ஓதி ஊதுதல், தண்ணீர் ஓதுதல், தாயத்துக் கட்டுதல் கிடையாது. அல்லாஹ்விடம் மட்டுமே கேளுங்கள்." எழுதியவன் நான். பட்டுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன். இப்போது ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். என் கையால் எத்தனையோ பலகை எழுதியிருக்கிறேன். பலதும் வெயிலில் வெளுத்து, மழையில் உரிந்து, கடைகளோடு சேர்ந்தே காணாமல் போய்விட்டன. இதற்கு மட்டும் நல்ல எனாமல் வாங்கி இரண்டு பூச்சு கொடுத்தேன். அந்த வயதில் அவ்வளவு திமிர்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளி இருக்கிற தெருவைச் சுற்றி எல்லாம் நெசவாளர் வீடுகள். முஸ்லிம் வீடுகள் நடுவில் கொஞ்சம். என் அத்தா அந்தப் பள்ளியில் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்வது, கூட்டுவது, பாய் விரிப்பது, தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, மையத்து விழுந்தால் குளிப்பாட்ட ஆள் அழைப்பது, எல்லாம் அவர்தான். இமாமுக்கு இருந்த மரியாதை மோதினாருக்கு இருக்காது. இமாமை ஹஜ்ரத் என்பார்கள். அத்தாவை "மோதினாரே, இங்க வா" என்பார்கள், அவரைவிடப் பாதி வயதுக்காரர்கள்கூட.

ஆனால் மாலை மஃரிப் தொழுகை முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் அத்தா வேறு ஆளாகிவிடுவார். பொழுது சாயும்போதே பெண்கள் வந்து வாசலின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில். தறிக்காரர் வீட்டுப் பெண்கள், பூக்காரி, ஆட்டோக்காரர் மனைவி, முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். நெற்றியில் குங்குமமும் திருநீறும் இருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட பெண்களையும் பார்த்திருக்கிறேன். தொழுதுவிட்டு வெளியே வருகிற ஆண்கள் குர்ஆனிலிருந்து ஏதாவது ஒரு சூராவை வாய்க்குள் ஓதிக் குழந்தையின் முகத்தில் மூன்று முறை ஊதுவார்கள். பாட்டில் மூடியைத் திறந்து தண்ணீரிலும் ஊதுவார்கள். தொழுத வாயின் காற்று பட்டால் பயந்த பிள்ளைக்குப் பயம் தெளியும், அழுகிற பிள்ளை அடங்கும் என்று ஒரு நம்பிக்கை. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஆற்காட்டு நவாப் காலத்திலிருந்து என்று சிலர் அளப்பார்கள்.

அவசரக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டே வரிசை முழுவதற்கும் சேர்த்து ஒரே ஊதாக ஊதிவிட்டுப் போவார்கள். அத்தா கடைசியில்தான் வருவார். விளக்கை அணைக்க வேண்டும், பாயைச் சுருட்ட வேண்டும். அதுவரை பெண்கள் போகமாட்டார்கள். மோதினார் பாய் ஊதினால்தான் குழந்தை தூங்குகிறது என்று அவர்களுக்குள் பேச்சு. அத்தா ஊதுவதற்கு முன் புறங்கையால் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். பால் குடிக்கிறதா, வெளியே போனதா, எத்தனை நாளாக இருமல் என்று கேட்பார். உடம்பு கொதித்தால் ஊதமாட்டார். "இது ஊதுறதுக்கு இல்லமா. மொதல்ல ஜி.எச்.சுக்குத் தூக்கினு ஓடு. அப்பறம் வந்து ஊதிக்கலாம்" என்று அவரே தெருமுனைக்குப் போய் ஆட்டோவை நிறுத்துவார். அப்படி எத்தனை பிள்ளைகள் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தன என்று நான் யோசித்ததே இல்லை. எங்கள் விவாதங்களில் அதற்கு இடம் கிடையாது.

விவாதம் என்றேன். எங்களுக்கு அது கேசட் காலம். வெளியூரிலிருந்து பயான் கேசட்டுகள், மார்க்கச் சொற்பொழிவுகள், வரும். பிறகு சி.டி. ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கேட்போம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே கேள்வி: "குர்ஆனில் இருக்கிறதா? ஹதீஸில் இருக்கிறதா?" நபி புகழ் பாடும் மவ்லித் எங்கே இருக்கிறது? பாத்திஹா எங்கே இருக்கிறது? தர்காவில் சந்தனக்கூடு எடுக்கச் சொன்னது யார்? வெள்ளிக்கிழமை குத்பா உரைக்கு முன் மோதினார் எழுந்து நின்று அரபியில் நீளமாக ஒன்றை ஓதி, இமாமின் கையில் ஒரு கம்பைக் கொடுக்கிறாரே, அதற்கு என்ன ஆதாரம்? அந்த மோதினார் என் அத்தா. அந்தக் கம்பைக் கொடுக்கும்போது மட்டும்தான் மொத்தப் பள்ளியும் அவரைப் பார்க்கும். அதையும் நாங்கள்தான் நிறுத்தினோம்.

நாங்கள் முழுக்கத் தப்பு என்று யாராவது வந்தால் அவரோடும் நான் சண்டை போடுவேன். பழைய ஆட்கள் ஒன்றும் யோக்கியர்கள் அல்ல. ஒரு ஹஜ்ரத் இருந்தார். தாயத்துக்கு விலை வைத்திருந்தார், பேய்க்கு ஒரு விலை, பிள்ளை வரத்துக்கு ஒரு விலை. குத்பாவை முழுக்க அரபியில் ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்கள். நாங்கள் கீழே தூங்கி விழுவோம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ரொக்கமும் நகையும் பேரம் பேசுவார்கள், அதே வாயால் மவ்லிதும் ஓதுவார்கள். நாங்கள் வந்து குத்பாவைத் தமிழில் கேட்டோம். வரதட்சணை வாங்குகிற கல்யாணத்துக்குப் போகமாட்டோம் என்றோம். நான் ஒரு பைசா வாங்காமல் பெண்ணுக்கு மஹர் கொடுத்துக் கல்யாணம் செய்தேன். அதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

என்ன கோளாறு என்றால், எல்லாவற்றையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கினோம். விலை வைத்த ஹஜ்ரத்தும், ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத என் அத்தாவும் எங்களுக்கு ஒரே குப்பை.

வீட்டில்தான் முதலில் ஆரம்பித்தேன். அம்மா நான் படிக்கிற காலத்திலேயே மவுத்தாகிவிட்டார். வருஷத்துக்கு ஒரு நாள் அவர் பேரில் அத்தா சர்க்கரைச் சோறு ஆக்கி, ஊதுபத்தி கொளுத்திப் பாத்திஹா ஓதி, எனக்குத் தட்டில் போடுவார். அந்த வருஷம் நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அல்லாஹ் அல்லாதவருக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டேன் என்றேன். அத்தா தட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "உங்கம்மாவுக்காக அல்லாகிட்டதான்டா கேட்டேன்" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. ஆதாரம் கேட்டேன்.

ஒரு தடவை அவரும் என்னை மடக்கப் பார்த்தார். அவர் மோதினாராகச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கு மைக் வாங்கினார்களாம். மைக்கில் பாங்கு சொல்வது மார்க்கத்தில் இல்லாதது, அது மனிதக் குரல் அல்ல, மெஷின் குரல் என்று அன்றைய பெரியவர்கள் ஒரே ரகளையாம். மைக்கைத் தொட்ட அத்தாவை ஒருவர் செருப்பால் அடிக்க வந்தாராம். அத்தா பாங்கு சொல்கிறார் என்று மூன்று மாதம் அந்தப் பெரியவர் தொழுகைக்கே வரவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு, "நீ இன்னிக்கி மைக்குலதான்டா எங்கள திட்டுற" என்றார். கோபப்பட்டு எழுந்து போனேன். முன்னோர்கள் செய்தது என்று பழைய ஆட்கள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ, அதுவும் ஒரு காலத்தில் எவனோ ஒருவன் புதிதாகக் கொண்டுவந்ததுதான். நாங்கள் ஆதியில் இருந்தது என்று எதைக் கொண்டுவந்தோமோ, அது எங்கள் தெருவுக்குப் புதிது. இவ்வளவு இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் வழிகேடன் என்றிருப்பேன்.

பிறகு பள்ளி நிர்வாகம் எங்கள் கைக்கு வந்தது, நான் செயலாளர் ஆனேன். பழைய ஆட்களுக்கு வயதாகிவிட்டது, சிலருக்கு அலுத்துவிட்டது. முதல் கூட்டத்திலேயே வாசலில் ஊதுவதை நிறுத்த முடிவு செய்தோம். பலகை எழுதி நானே ஏணி வைத்து ஏறி அடித்தேன். அன்று மாலையும் பெண்கள் வந்தார்கள். ஒரு பெண் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நாங்களும் அல்லாகிட்ட கேக்கத்தானப்பா வந்து நிக்கிறோம்" என்றாள். எங்களில் ஒருவன் சிரித்தான். விளக்கம் சொல்லி அனுப்பும் வேலையை அத்தாவுக்கே கொடுத்தோம். அவர்தானே சம்பள ஆள். பத்து நாள் அவர் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், இனிமேல் இல்லைம்மா, கமிட்டி முடிவு என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு அத்தா ஒரு காரியம் செய்தார். மஃரிப் முடிந்து பள்ளியைப் பூட்டிவிட்டுத் தெருவைத் தாண்டி, எதிர்ச் சாரியில் மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். பெண்கள் அங்கே வருவார்கள். பள்ளியின் எல்லைக்குள் ஊதினால்தானே குற்றம் என்று அவர் கணக்கு. இந்தச் செய்தி எங்களுக்கு வந்தது. கமிட்டியைக் கூட்டினோம். கேட்கவேண்டிய கேள்வியை யார் கேட்பது என்று எல்லோரும் தயங்கினார்கள். நான் கேட்கிறேன் என்றேன். சொந்த அத்தாவென்றும் பார்க்காமல் மார்க்கத்துக்காக நிற்கிறான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

அத்தா நின்றுகொண்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என்ன ஓதி ஊதுகிறீர்கள் என்று கேட்டேன். "அல்ஹம்து சூரா" என்றார். குர்ஆனின் அந்த முதல் அத்தியாயத்தைக் குழந்தையின் முகத்தில் ஊத நபி சொன்னார்களா, அதுவும் முஸ்லிம் அல்லாதவர்களின் பிள்ளைக்கு, ஆதாரம் இருக்கிறதா என்றேன். அவருக்கு ஆதாரம் எல்லாம் தெரியாது. அவர் சொன்னது இதுதான்: "புள்ள அழுவுதுன்னு பெத்தவ வந்து நிக்கிறா. எனுக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான். அத்த ஓதறேன்." சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை அவிழ்த்து என் முன்னால் பாயில் வைத்தார். நாங்கள் யாரும் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நோய்க்கு ஓதிப் பார்ப்பதற்கு ஹதீஸில் இடம் இருக்கிறது என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். அதுவும் அதே அல்ஹம்து சூராவை வைத்து. அத்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போது அவருக்குக் காது மந்தம். உரக்கக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும், வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். சொல்லவில்லை.

சாவியைக் கொடுத்த பிறகு பெண்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். என் மனைவி அவர்களுக்கு வாசலில் முக்காலி எடுத்துப் போடுவாள். இது எனக்குக் கமிட்டியில் பெரிய அவமானம். செயலாளர் வீட்டிலேயே ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணைவைக்கிற பாவம், நடக்கிறது என்றான் ஒருவன். என் வீட்டில் இது நடக்கக்கூடாது என்று நான் மனைவியிடம் கத்தியது உள்ளே இருந்த அத்தாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் வந்த பெண்ணிடம் அவர் வாசற்படியில் நின்று சொன்னார்: "வேணாம்மா. பையன் கஷ்டப்படுவான். நீங்க நல்லா இருப்பீங்க, போயிட்டு வாங்க." நான் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பட்டுக்கடைப் பலகைக்கு ஸ்கெட்ச் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அத்தா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இப்போது இவ்வளவு உறுத்தல் இருக்காது.

அவர் மவுத்தானபோது மூன்றாம் நாள் பக்கத்துத் தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் பால் பாக்கெட்டும் பழமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பாய்க்கு என்றைக்குக் காரியம் என்று கேட்டார்கள். எங்களில் அதெல்லாம் கிடையாது என்றேன். கொண்டுவந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் நின்றார்கள். மனைவிதான் வாங்கி உள்ளே வைத்தாள்.

இனி என் மனைவி. இவ்வளவு நேரம் ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டேன், அதுவும் எங்கள் வழக்கம்தான். எங்கள் ஊரில் பழைய காலத்தில் பெண்களுக்குப் பள்ளிக்குள் இடம் கிடையாது. தர்காவில் இருந்தது. வியாழக்கிழமை தோறும் போவார்கள், அழுவார்கள், பேசுவார்கள், ஒரு மாலைப்பொழுது அவர்களுடையதாக இருக்கும். நாங்கள் வந்து தர்காவுக்குப் போவது ஹராம் என்றோம். பெண்களும் பள்ளிக்கு வரலாம், நபியின் காலத்தில் வந்தார்கள் என்று ஆதாரத்தோடு சொன்னோம். ஆதாரம் சரிதான். பள்ளியில் அவர்களுக்கு ஒரு மூலைகூட இல்லை. நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகைக்கு யாராவது ஒரு வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். வீட்டுக்காரருக்கு விருந்தாளி வந்துவிட்டால் அதுவும் இல்லை.

ஒரு நோன்பில் அப்படித் தொழ இடம் இல்லாமல் திரும்பி வந்த அன்று அவள் என்னிடம் சொன்னாள்: "தர்காவுக்குப் போவாதன்னீங்க, போவல. பள்ளிக்கு வான்னீங்க. எங்க வர்றது? எனுக்கு முட்டி தேய்ஞ்சி போச்சு, இன்னும் ஒரு எடம் காட்டல நீங்க." இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். நான் மறுநாளே கமிட்டியில் பேசினேன். பெண்களுக்காக மேலே ஒரு மாடி எடுப்பது, தனிப் படிக்கட்டு வைப்பது என்று முடிவானது. பணம் சேர்ந்தது. பிளான் போட்டோம். பெண்களே வந்து படி எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். என் மனைவி பாய்க்கு நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

அனுமதி கேட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அதற்குள் யாரோ ஆட்சேபணை மனு போட்டுவிட்டார்கள். தெருவில் நெரிசல் வரும், வெளியாட்கள் வருவார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் ஒருவர் நல்லவிதமாகவே சொன்னார்: சுற்றியிருக்கிற வீட்டுக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலே அனுப்பலாம், முக்கியமாகப் பள்ளிச் சுவரோடு ஒட்டிய வீடு, அந்த ஒரு வீடு போடாவிட்டால் மற்றது இருந்தும் பிரயோசனம் இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். பிறந்து வளர்ந்த தெரு, யார் மாட்டேன் என்பார்கள் என்று நினைத்தேன். முதல் வீட்டில் போட்டார்கள். இரண்டாவது வீட்டில் உட்கார வைத்து காபி கொடுத்தார்கள், கையெழுத்துக்கு மட்டும் பெரியவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பினார்கள். ஒரு நெசவாளர், என் வயதுக்காரர், சிறுவயதில் என்னோடு கோலி ஆடியவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னது கோபமாகக்கூட இல்லை. "எங்கம்மா என்னத் தூக்கினு வந்து அங்க நிப்பாங்களாம். என் புள்ளைங்களுக்கு அந்த வாசல் எந்தப் பக்கம் பாத்து இருக்குதுன்னே தெரியாதுபா. உள்ள இன்னா நடக்குதுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார். ஆட்சேபணை மனுவில் இருந்த அதே வாக்கியம். வேறு எவனோ விஷமி எழுதியது என்று அதுவரை நினைத்திருந்தேன். நாட்டில் காற்று மாறிவிட்டது, வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வருகிறது, எல்லாம் உண்மைதான். அந்தக் காற்று எங்கள் தெருவுக்குள் வர ஒரு வாசல் வேண்டியிருந்தது. எங்கள் பள்ளி வாசலைச் சாத்தி அதை நாங்களே திறந்து கொடுத்திருந்தோம்.

கடைசியாக ஒட்டு வீடு. அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். தறியில் உட்கார முடியாமல் முதுகு போய்விட்டது, மருமகள் வேலைக்குப் போக இவர் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார். மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில். இவர் தன் மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றவர். அத்தா அவர்களை ஊதி வளர்த்தார் என்றே சொல்லலாம். நான் போனபோது மாலை. பள்ளியில் மஃரிப் முடிந்து நேராக அங்கேதான் வந்தேன். தோளில் பேத்தி வீறிட்டுக்கொண்டிருந்தது. நான் தாளைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே அவர் கேட்டார்.

"தொழுதுட்டுத்தானேப்பா வர்ற? இவ ரெண்டு நாளா இப்பிடியேதான் அழுதுனு இருக்குறா. கொஞ்சம் ஊதேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் தெரியாது. அதில் நம்பிக்கை இருந்தால் ஊதியிருக்க வேண்டும். இல்லையென்றால், எனக்கு அதில் நம்பிக்கை இல்லைம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எது செய்திருந்தாலும் ஒரு மனிதன் செய்ததாக இருந்திருக்கும். எனக்கு அந்த நொடியில் தோன்றியது, ஊதிவிட்டால் போடுவார் என்பது மட்டும்தான். குனிந்தேன். அல்ஹம்து சூராவை வேகமாக ஓதினேன். வாய் ஓதியது, கை பையின் ஜிப்பில் இருந்தது. மூன்று முறை ஊதினேன். குழந்தைக்கு என்ன என்று கேட்கவில்லை. அதன் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஊதி முடித்த கையோடு தாளை எடுத்து நீட்டினேன், பேனாவின் மூடியும் திறந்தே இருந்தது.

அவர் தாளைப் பார்த்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் தாளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்கா ஊதுன?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பேனாவை மூடினேன். அவர் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். வீடு மகன் பேரில் இருக்கிறது, தன் கையெழுத்துச் செல்லாது என்றார். மகனிடம் இந்தப் பேச்சு முன்பே வந்ததாம், போடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அவர் கையெழுத்துப் போடுவதாக என்னிடம் சொல்லவே இல்லை. தொழுதுவிட்டு வருகிறவனைப் பார்த்தார், பேத்தி அழுதது, ஊதச் சொன்னார், அவ்வளவுதான். பேரம் முழுக்க என் மனதுக்குள்தான் நடந்திருக்கிறது. விலை வைத்த அந்த ஹஜ்ரத்தாவது விலையை முன்னாலேயே சொல்லிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, போட்டுவிட்டார்களா என்று கேட்டாள். வீடு அந்த அம்மா பேரில் இல்லையாம் என்றேன். அது பொய் இல்லை. அவள் உள்ளே போய் இஷா தொழுகைக்குச் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். மாடியே கட்டினாலும் அவளால் படி ஏற முடியாது.